பழைய சலங்கை மணிகளைத் தோட்டாக் கூடுகளைப் போல உருளையில் போட்டுத் துலக்கலாமா?

மாடி வகுப்பு, திருவான்மியூர்:

வணக்கம். கடற்கரையிலிருந்து நான்காவது தெருவில், வீட்டு மாடியில் பரதநாட்டிய வகுப்பு நடத்துகிறேன். என்னிடம் பழைய சலங்கைகள் 4 ஜோடி இருக்கின்றன. காலுக்கு 50 மணி வீதம் மொத்தம் 400 மணிகள். தோல் பட்டைகள் இற்றுப்போய்விட்டதால் மணிகளை எல்லாம் கழற்றி ஒரு அன்னக்கூடையில் போட்டு வைத்திருக்கிறேன். மார்கழிக்குள் புதுத் தோலில் கோக்க வேண்டும். தோலை ஒட்டியிருந்த பக்கத்தில் பச்சைக் களிம்பு மெழுகைப் போலத் திரண்டிருக்கிறது. மற்றப் பக்கங்கள் வியர்வையாலும் உப்புக் காற்றாலும் கறுத்துக் கிடக்கின்றன. புளியை வைத்து 40 மணிகளைத் தேய்ப்பதற்குள் விரல் நுனியெல்லாம் எரியத் தொடங்கிவிட்டது. மீதி 360 மணிகளை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

டெக்சாஸில் இருக்கும் என் அண்ணன் துப்பாக்கி சுடும் பயிற்சிக்குப் போகிறவர். சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து, சுழலும் ஒரு டப்பாவில் கொட்டி மூடிவிட்டுத் தூங்கப் போவார். காலையில் புத்தம் புதிது போல எடுப்பார். கூடும் பித்தளை, மணியும் பித்தளை என்பதால் அதே முறை இங்கேயும் ஒத்துவருமா என்று அறிய விரும்புகிறேன்.

இன்னொரு செய்தியும் உண்டு. 2 வருடங்களுக்கு முன் ஒரு மாணவியின் அம்மா, மூக்கைத் துளைக்கும் நெடியுள்ள ஒரு திரவ பாலிஷை வாங்கித் தன் மகளின் சலங்கையைத் துடைத்து, பாலித்தீன் பையில் சுற்றிப் பீரோவில் வைத்திருந்தார். அடுத்த மழைக்காலம் முடிந்து எடுத்தபோது, 3 மணிகளில் வாய்ப்பிளவின் முனையிலிருந்து மேல்நோக்கி மயிரிழை போல விரிசல் ஓடியிருந்தது. யாரும் கீழே போடவில்லை. பாலிஷுக்கும் விரிசலுக்கும் தொடர்பு இருக்குமா?

ஹூஸ்டன்வாசி:

உங்கள் அண்ணன் செய்வதை நானும் 11 வருடங்களாகச் செய்து வருகிறேன் என்பதால், முதலில் அந்த வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தோட்டாக் கூடு என்பது 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளை. சுட்டபின் உள்ளே கரி படிந்திருக்கும். வெளியே மண்ணும் புகையும் ஒட்டியிருக்கும். மறுபடி மருந்து நிரப்புவதற்கு முன், கூட்டைப் பழைய வடிவுக்குக் கொண்டுவர ஓர் அச்சுக்குள் அழுத்துவோம். அழுக்கோடு அப்படியே அழுத்தினால் மணல் துகள் அச்சைக் கீறிவிடும், அதன்பின் அந்த அச்சில் அழுத்தும் ஒவ்வொரு கூட்டிலும் அதே கீறல் விழும். ஆகவே துலக்குவது அழகுக்காக அல்ல. அழுக்கு நீங்கினால்தான் கழுத்தில் விழுந்த வெடிப்பும், அடிப்பாகத்துக்குச் சற்று மேலே வளையம் போலத் தெரியும் மெலிவும் கண்ணுக்குப் படும். அந்த வளையம் தெரிந்த கூட்டை மறுபடி நிரப்பினால் சுடும்போது இரண்டாகப் பிய்ந்துவிடும். பளபளப்பால் கிடைக்கும் ஒரே லாபம், கூடு புல்லில் விழுந்தால் தேடி எடுப்பது எளிது என்பதுதான்.

இரண்டு வழிகள் உண்டு. முதலாவது உலர் முறை. மக்காச்சோளச் சக்கையையோ வால்நட் ஓட்டையோ குருணையாக உடைத்து, அதிரும் கிண்ணத்தில் கூடுகளோடு சேர்த்துப் போட்டு 2 முதல் 4 மணி நேரம் ஓட விட வேண்டும். வளர்ப்புப் பல்லிகளின் கூண்டில் விரிப்பதற்காக விற்கும் வால்நட் குருணை விலை மலிவு என்பதால் எங்களில் பாதிப் பேர் அதைத்தான் வாங்குகிறோம். இரண்டாவது ஈர முறை. உருளையில் தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு, ஒரு சிட்டிகை சிட்ரிக் அமிலம் ஆகியவற்றோடு 1.2 மி.மீ. தடிமனும் 6.5 மி.மீ. அளவு நீளமும் உள்ள துருப்பிடிக்காத எஃகு ஊசிகளைப் போட்டுச் சுழற்றுவார்கள். உங்கள் அண்ணன் செய்வது இதுவாகத்தான் இருக்கும். கூட்டின் உட்புறம் வரைக்கும் சுத்தமாவது இதில்தான்.

ஆனால் சலங்கைக்கு அந்த ஊசி வேண்டவே வேண்டாம். கூட்டின் அடியில் 2 மி.மீ. அளவில் ஒரு துளை இருக்கிறது. அதில் ஊசிகள் புகுந்து இறுகிக்கொண்டால், அவற்றைப் பிடுங்க ஒரு சாயங்காலம் போய்விடும். உங்கள் மணிக்கோ வாய் முழுவதும் பிளவு. ஊசி உள்ளே போய்ப் பரலோடு சேர்ந்து சிக்கிக்கொண்டால் மணி பேசாது. குருணைக்கும் இதே கதிதான்.

அண்ணனுடைய உருளையையே கடன் வாங்கும் எண்ணம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். கூட்டின் அடியில் தீப்பற்ற வைக்கும் மருந்தில் ஈயச் சேர்மம் உண்டு. அது எரிந்தபின் அந்த ஈயம் கழுவும் நீரிலும் குருணைத் தூசியிலும் தங்கிவிடும். நான் கையுறை இல்லாமல் இந்த வேலையைத் தொடுவதில்லை, வீட்டுக்குள்ளும் செய்வதில்லை. குழந்தைகள் காலில் கட்டும் பொருளை அதே டப்பாவில் போடக் கூடாது.

சட்டம் படித்தவன்:

கேள்வி சலங்கையைப் பற்றியது என்றாலும், இதைப் படித்துவிட்டு வேறு ஆசை பிறக்கிறவர்களுக்காக ஒரு வரி: இந்தியாவில் 1959 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி, உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். அமெரிக்காவில் வீட்டுக் கொட்டகையில் செய்வதை அம்பத்தூரில் செய்துவிட முடியாது.

அம்பத்தூர் பேரல் பட்டறை:

அம்மா, 30 வருடங்கள் பித்தளை உதிரிப் பாகங்களுக்குப் பேரலிங்கும் (உருளையில் போட்டுச் சுழற்றித் துலக்குவது) பஃபிங்கும் (சுழலும் துணிச் சக்கரத்தில் தேய்த்து மெருகிடுவது) செய்து ஓய்வு பெற்றவன் நான். விரிசலைப் பற்றி முதலில் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் விவரித்தது தோட்டாக் கூடுகளின் வரலாற்றில் நம் நாட்டிலேயே நடந்த கதை. வெள்ளைக்காரர் காலத்தில், ராணுவத்தின் தோட்டாக்களை மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்திருந்தார்கள். மழை முடிந்து பார்த்தால், யாரும் தொடாத கூடுகள் கழுத்தில் வெடித்திருந்தன. பருவத்தோடு சேர்ந்து வந்ததால் அதற்கு 'சீசன் கிராக்கிங்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து எழும்பும் அம்மோனியா, ஈரம், தகட்டை இழுத்து உருவாக்கும்போது உலோகத்துக்குள் தங்கிவிடும் இறுக்கம் ஆகிய மூன்றும் கூடினால் பித்தளை தானாக வெடிக்கும் என்பதை 1921 இல் ஆய்வாளர்கள் விளக்கினார்கள். மூன்றில் ஒன்றை விலக்கினாலும் வெடிக்காது. அதனால்தான் உருவாக்கிய பாகங்களை 250 டிகிரி செல்சியஸுக்கு மேல் மிதமாகச் சூடாக்கி அந்த இறுக்கத்தைத் தளர்த்துவது தொழிற்சாலை வழக்கமாயிற்று.

உங்கள் மாணவியின் சலங்கையில் மூன்றும் இருந்திருக்கின்றன. மூக்கைத் துளைத்தது அம்மோனியாவாகத்தான் இருக்க வேண்டும். பாலித்தீன் பை அதை வெளியே விடவில்லை, மழை ஈரத்தைக் கொடுத்தது. வெடித்தவை தகட்டை அழுத்திச் செய்த மலிவு மணிகள் என்று நினைக்கிறேன். வார்ப்பு மணியில் அந்த இறுக்கம் மிகக் குறைவு. இனி எந்த பாலிஷ் வாங்கினாலும் மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள், காரம் ஏறினால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இனி துலக்கும் முறை. வெந்நீரும் சோப்பும் வைத்துப் பழைய பல்துலக்கியால் பச்சை மெழுகை முதலில் எடுத்துவிடுங்கள். அது தோலின் கொழுப்போடு செம்பு சேர்ந்து உண்டான களிம்பு என்பதால் புளிக்கு எளிதில் அசையாது, சோப்புக்கு அசையும். பிறகு 1 லிட்டர் தண்ணீருக்கு 1 மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலம் கலந்து, மணிகளை 5 நிமிடம் மட்டும் ஊறவிடுங்கள். இரவெல்லாம் ஊறவிட்டால் துத்தநாகம் கரைந்து போய், செம்பு மேலே மிஞ்சி, மணி ரோஜா நிறத்தில் நிற்கும். அந்த நிறத்தைப் பார்த்து 'நன்றாகத் துலங்கிவிட்டது' என்று மகிழ்கிறவர்களைப் பட்டறையில் நிறையப் பார்த்திருக்கிறேன். எடுத்தவுடன் சமையல் சோடா கலந்த நீரில் முக்கி, கடைசி அலசலை மட்டும் கேன் தண்ணீரில் செய்யுங்கள். போர் தண்ணீரில் அலசினால் உலரும்போது வெள்ளைப் புள்ளி விழும்.

பளபளப்பு வேண்டும் என்றால் உலர் பேரல் போதும். உள்ளே போடுவது பிளவைவிடப் பெரியதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பட்டறைகளில் இதற்கு மரக்கட்டைத் துண்டுகள் போடுவார்கள். பேரலைப் பாதிக்குச் சற்று மேல் நிரப்பி, பொருள் உருண்டு விழாமல் வழுக்கிச் சரியும் வேகத்தில் சுற்றினால் ஒன்றோடொன்று மோதி நசுங்காது.

சலங்கை கோப்பவர், மயிலாப்பூர்:

பட்டறை ஐயா சொன்னதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். மணிக்குள் இருக்கும் பரல் பெரும்பாலும் இரும்பு. ஊறவைத்த மணியை வெளியே துடைத்துவிட்டு அப்படியே வைத்தால், உள்ளே பரல் துருப்பிடித்து, நாலாம் நாள் பிளவு வழியே செம்மண் நிறத்தில் நீர் வடிந்து புதுத் தோலைக் கறையாக்கிவிடும். காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டினால் இரும்பு. அப்படிப்பட்ட மணிகளை அலசியவுடன் பிளவு கீழே பார்க்கும்படி துணியில் கவிழ்த்துத் தட்டி, உச்சி வெயிலில் கருங்கல் மேல் பரப்பிவிடுங்கள். பஃபிங் சக்கரத்தில் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். உதடு தேய்ந்தால் மணியின் ஒலி மாறும், பிறகு 50 மணியும் 50 சுருதி பேசும்.

மாடி வகுப்பு, திருவான்மியூர்:

எல்லோருக்கும் நன்றி. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் செலவாயின. காந்தம் வைத்துப் பார்த்ததில் 400 இல் 288 மணிகளில் இரும்புப் பரல். சோப்பு, 5 நிமிட அமிலம், சோடா, கேன் தண்ணீர் என்ற வரிசையிலேயே போனேன். பச்சை மெழுகு சோப்பிலேயே நழுவியதைப் பார்த்தபோது, புளியோடு போராடிய என் விரல்களை நினைத்துக்கொண்டேன்.

பேரலுக்கு மரத்துண்டு கிடைக்கவில்லை. அடுக்களையில் ஒரு டப்பா நிறையப் புளியங்கொட்டை இருந்தது. பிளவுக்குள் நுழையாத அளவு, வழவழப்பு, கடினம். பக்கத்துத் தெருவில் கல் மெருகிடும் ஒருவரிடம் ரப்பர் உறையிட்ட சிறு உருளை இருந்ததால், கொட்டையோடு கொஞ்சம் சாக்குக்கட்டிப் பொடியைத் தூவி, 100 மணிகள் வீதம் 4 தடவை, ஒவ்வொரு தடவையும் 3 மணி நேரம் ஓட்டினோம். கண்ணாடி போல மின்னவில்லை. பழைய குத்துவிளக்கின் அடித்தண்டு போல மங்கலான மஞ்சளாக வந்திருக்கிறது. எனக்கு அதுவே பிடித்திருக்கிறது. பிளவோரங்களில் ஒட்டியிருந்த வெண்பொடியைப் பல்துலக்கியால் தட்டி எடுக்கத்தான் பொறுமை வேண்டியிருந்தது.

ஹூஸ்டன்வாசி கூடுகளைப் பார்ப்பதாகச் சொன்னதுபோல, துலக்கிய மணிகளைப் பூதக்கண்ணாடியில் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். மேலும் 7 மணிகளில் விரிசல் இருந்தது, ஏழும் தகட்டு மணிகள். கறுப்பு மூடியிருந்தபோது ஒன்றுகூடத் தெரியவில்லை. அவற்றைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, 393 மணிகளை மயிலாப்பூருக்கு அனுப்பியிருக்கிறேன்.