கொலுப்படியில் தண்ணீர் குடிக்கும் பறவை பாதியில் நிற்கிறது: சென்னை ஈரப்பதம்தான் காரணமா?

மாடவீதி மாமி:

கொலுவில் பார்க் வைக்கும் இடத்துக்காகத் தண்ணீர் குடிக்கும் கண்ணாடிப் பறவை ஒன்று வாங்கினேன். உயரம் 15 செ.மீ. இருக்கும். கீழே உருண்டை வயிறு, மேலே வெல்வெட் மாதிரி பூச்சு ஒட்டிய தலை, நடுவில் மெல்லிய குழாய், உள்ளே சிவப்புத் திரவம்.

ஏசி போட்ட படுக்கையறையில் 20 நொடிக்கு ஒருதரம் குனிந்து எழுகிறது. ஹாலில் ஐந்தாம் படியில் வைத்தால் நாலைந்து தரம் குனிந்துவிட்டு, முன்பக்கம் லேசாகச் சாய்ந்தபடி நின்றுவிடுகிறது. அப்போது திரவம் வயிற்று மட்டத்திலிருந்து 7 செ.மீ. ஏறி, தலைக்குள் போகாமல் குழாயிலேயே அசையாமல் இருக்கிறது. தலை வரை ஏற 9 செ.மீ. வேண்டும்.

படிக்குப் பின்னால் தெர்மாகோல் தடுப்பு, மேலே துணி விதானம், உச்சியில் ஒரு ஹாலோஜன் விளக்கு. தரையில் குத்துவிளக்கு. டம்ளரில் தண்ணீர் விளிம்பு வரை இருக்கிறது. பறவை லீக் ஆகிறதா? மழைக்காலம் நெருங்குவதால் காற்றில் இருக்கும் ஈரமா? இன்னொன்று, உள்ளே இருக்கும் திரவம் 40 டிகிரியில் கொதிக்கும் என்கிறார்கள். மே மாதம் வெடித்துவிடாதா?

அலைவாய்:

மாமி, இது சென்னைக்கு ஏற்ற பொம்மையே இல்லை. தலையில் இருக்கும் தண்ணீர் காய்ந்தால்தான் அது ஓடும். கடலோரக் காற்றில் எங்கே காய்வது? ஏசி அறையிலேயே வைத்துவிடுங்கள்.

வெப்பமானி:

அலைவாய் சொல்வதில் பாதிதான் சரி. ஈரப்பதம் பறவையை மெதுவாக்கும். ஆனால் நிறுத்துவதற்கு ஈரம் மிக அதிகமாக இருக்க வேண்டும். கணக்குப் போட்டால் தெரியும்.

உள்ளே இருப்பது பெரும்பாலும் டைகுளோரோமீத்தேன், பழைய பெயர் மெத்திலீன் குளோரைடு. காற்றை எடுத்துவிட்டுத்தான் மூடுகிறார்கள். ஆகவே உள்ளே திரவமும் அதன் ஆவியும் மட்டுமே. தலை ஈரம் காயும்போது தலை குளிர்கிறது, அங்கே இருக்கும் ஆவி கொஞ்சம் திரவமாகப் படிகிறது, அழுத்தம் குறைகிறது. வயிற்றில் அழுத்தம் குறையவில்லை. அந்த வித்தியாசம்தான் திரவத்தைக் குழாயில் மேலே தள்ளுகிறது. தலை கனத்து, ஈர்ப்பு மையம், பறவை கால்களின் மேல் ஊசலாடும் அச்சுக்கு மேலே போனதும் பறவை கவிழ்கிறது. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையில் கனம் எப்போதும் அடியில் இருப்பதால் அது கவிழ்வதே இல்லை. இங்கே கனம் இடம் மாறுவதுதான் விஷயம்.

கவிழ்ந்து படுத்த நிலையில் குழாயின் கீழ்வாய் திரவத்துக்கு வெளியே வந்துவிடும். உடனே ஓர் ஆவிக் குமிழி குழாய் வழியாகத் தலைக்கு ஓடும். இரண்டு பக்க அழுத்தமும் சமமாகி, திரவம் வயிற்றுக்கு வழிந்து, பறவை எழுந்துகொள்ளும். பலர் அலகில் ஒட்டும் தண்ணீரின் எடைதான் அதைச் சாய்க்கிறது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தண்ணீர் தலையை நனைக்க மட்டுமே.

இப்போது எண்கள். இந்தத் திரவத்தின் ஆவியழுத்தம் 30 டிகிரியில் சுமார் 530 மி.மீ. பாதரசம், 29 டிகிரியில் சுமார் 510. அதாவது ஒரு டிகிரிக்கு 20 மி.மீ. பாதரசம். திரவம் பாதரசத்தைவிடப் பத்து மடங்கு லேசு. ஆகவே ஒரு டிகிரி வித்தியாசம் 20 செ.மீ. உயரத்துக்குத் திரவத்தைத் தூக்கும். உங்கள் பறவைக்குத் தேவை 9 செ.மீ., அதாவது அரை டிகிரிக்கும் குறைவு. 7 செ.மீ.யில் நிற்கிறது என்றால் அந்த நேரத்தில் தலைக்கும் வயிற்றுக்கும் 0.35 டிகிரிதான் வித்தியாசம். பறவையே உங்களுக்கு வெப்பமானியாக அளந்து காட்டிவிட்டது.

நனைந்த தலை எவ்வளவு குளிரலாம் என்பதற்கு எல்லை ஈரக்குமிழ் வெப்பநிலை, அதாவது ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவு. ஹால் 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் அது 27 டிகிரி. மூன்று டிகிரி கையில் இருக்கிறது, தேவையைப் போல ஆறு மடங்கு. மே மாதம் கடற்காற்று வர வேண்டிய நேரத்துக்கு வராமல் மேற்கிலிருந்து அனல் அடிக்கும் பிற்பகலில், 40 டிகிரி, 30 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் 25-க்குப் பக்கத்தில் இருக்கும். அன்றைக்குப் பறவை விடாமல் குனியும். மழை கொட்டும் இரவில் 27 டிகிரி, 95 சதவீதம் என்றால் வித்தியாசம் அரை டிகிரியை ஒட்டி வந்துவிடும். அப்போது நிற்பது நியாயம். உங்கள் ஹாலில் இப்போது அந்த நிலை இருக்காது. காரணம் படியில் இருக்கிறது.

வானிலை நிலையம் இருக்கும் நுங்கம்பாக்கத்துக்கு அறிவிக்கும் ஈரப்பதத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், விதானத்துக்குள் வேறு வானிலை. சாதாரண வெப்பமானி இரண்டு எடுங்கள். ஒன்றின் முனையில் மருத்துவக் கட்டுத்துணியை ஒரு சுற்றுச் சுற்றி, அறை வெப்பத்தில் இருக்கும் தண்ணீரில் நனையுங்கள். நனைத்ததைத் தலை இருக்கும் உயரத்திலும், காய்ந்ததை வயிறு இருக்கும் உயரத்திலும் பிடித்து 5 நிமிடம் கழித்துப் படியுங்கள். விளக்கு எரியட்டும், விசிற வேண்டாம்.

பட்டறை:

மாமி, அளப்பதற்கு முன் பறவையையே ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

லீக் இருந்தால் ஏசி அறையிலும் ஓடாது, அதனால் அந்தக் கவலை வேண்டாம். காற்று புகுந்த பறவையில் திரவம் சரியாக ஏறாது. பொதுவாக வயிற்றை உள்ளங்கையில் பொத்திப் பார்ப்பார்கள், சில நொடியில் திரவம் தலைக்கு ஏற வேண்டும். ஆனால் கோடையில் அறை 36 டிகிரி இருந்தால் உள்ளங்கை அதைவிடக் குளிர்ச்சி. ஏறாது. நல்ல பறவையைக் கெட்டது என்று தூக்கிப் போட்டவர்கள் உண்டு. அந்த நாட்களில் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியை வயிற்றில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்து டம்ளர். விளிம்பு வரை தண்ணீர் என்பது சரி, ஆனால் டம்ளரின் உயரம் முக்கியம். பறவையை விரலால் மெல்லக் கவிழ்த்து, குமிழி குழாயில் ஓடும் இடத்தில் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த நிலையில் அலகு நுனி 5 மி.மீ. தண்ணீருக்குள் இருக்க வேண்டும். டம்ளர் உயரமாக இருந்தால் அலகு விளிம்பில் முட்டி, பறவை முழுக்கப் படுக்காது, குமிழி ஓடாது, குனிந்தபடியே கிடக்கும். தாழ்ந்திருந்தால் குனிந்து எழும், ஆனால் தலை நனையாது. பத்து நிமிடத்தில் ஓய்ந்துவிடும். பழைய விசிட்டிங் கார்டுகளை டம்ளருக்கு அடியில் ஒவ்வொன்றாக வைத்துச் சரிசெய்யலாம்.

குழாயைக் கவ்விய தகரக் கிளிப்பைப் பாருங்கள், பறவை ஆடும் அச்சு அதுதான். அதை மேலே தள்ளினால் வயிறு கனத்து, பறவை கவிழ அதிகத் திரவம் ஏற வேண்டும். கீழே இறக்கினால் சுலபமாகக் கவிழும், ஆனால் எழ மறுக்கும். ஏசி அறையில் சரியாக ஓடுகிறது என்பதால் உங்களுடையது சரியான இடத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அரை மி.மீ. கீழே இறக்கிப் பார்க்கலாம். அதற்கு மேல் வேண்டாம், குழாய் உடையும்.

தலைப்பூச்சுதான் சென்னையில் அதிகம் கெடுவது. போர் தண்ணீர் ஊற்றினால் தண்ணீர் காயும், உப்பு அங்கேயே தங்கும். இரண்டு வாரத்தில் நெற்றியில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டும். பொருக்கு இருக்கும் இடத்தில் தண்ணீர் பரவாது. ஒரு பங்கு வினிகர், மூன்று பங்கு தண்ணீர் கலந்து பஞ்சால் ஒற்றி, பத்து நிமிடம் விட்டு, நல்ல தண்ணீரில் ஒற்றி எடுக்கவும். தேய்த்தால் பூச்சு பசையோடு உரியும். பிறகு ஆர்ஓ தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள், இல்லாவிட்டால் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை வெள்ளைத்துணியில் வடிகட்டி ஊற்றலாம், அதில் உப்பே இருக்காது. கொலு பொம்மைகளுக்கு நெற்றியில் பொட்டு வைக்கும் பழக்கம் உண்டே, பறவைக்கு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். ஒட்டுவதற்காக எண்ணெயில் குழைத்த குங்குமம் நனைவதைத் தடுக்கும்.

மாடவீதி மாமி:

இருவருக்கும் நன்றி. குங்குமம் இருந்தது, எண்ணெயில் குழைத்ததுதான். நெற்றியிலிருந்து அலகு வரை பரவியிருக்கிறது. டம்ளர் உயரம் சரி, கவிழ்த்துப் பிடித்தால் அலகு நனைகிறது.

வெப்பமானி சொன்னபடி அளந்தேன். ஹால் நடுவில் காய்ந்தது 30, நனைத்தது 27. படுக்கையறையில் 26-ம் 19-ம். ஐந்தாம் படியில் ஹாலோஜன் எரியும்போது தலை உயரத்தில் நனைத்தது 29.6, வயிற்று உயரத்தில் காய்ந்தது 30.2. வயிறு இருக்கும் இடத்தில் நான்காம் படிச் செட்டியார் பொம்மையின் தலைப்பாகை மறைக்கிறது. விளக்கு வெளிச்சம் அங்கே விழவில்லை, பறவையின் தலையில் மட்டும் விழுகிறது.

விசாரித்த இடத்தில் தண்ணீருக்குப் பதில் சர்ஜிகல் ஸ்பிரிட் ஊற்றினால் மழையிலும் ஓடும் என்றார்கள். செய்யலாமா?

ஆய்வகம்:

ஸ்பிரிட் பற்றி முதலில். ஓடும் என்பது உண்மை. தண்ணீர் காய்வதைத் தடுப்பது காற்றில் ஏற்கெனவே இருக்கும் நீராவி. காற்றில் ஆல்கஹால் ஆவி இல்லை என்பதால் ஈரப்பதம் 95 இருந்தாலும் ஸ்பிரிட் காய்ந்துகொண்டே இருக்கும், தலையும் நன்றாகக் குளிரும். ஆனால் கொலுவில் வேண்டவே வேண்டாம், மாமி. விளிம்பு வரை ஸ்பிரிட் நிரப்பிய டம்ளர், மேலே துணி, பின்னால் தெர்மாகோல், கீழே எரியும் குத்துவிளக்கு. அந்த ஆவி காற்றைவிடக் கனம், படி வழியாகத் தரைக்கு இறங்கும், அங்கேதான் சுடர் இருக்கிறது. சானிடைசரும் அதே ஆபத்துதான்.

மே மாதக் கேள்விக்கு: 39.6 டிகிரியில் கொதிக்கும் என்பது திறந்த பாத்திரத்துக்கு. மூடிய பறவைக்குள் ஆவியும் திரவமும் சமநிலையில் இருப்பதால் அது கொதித்துப் பொங்காது. 40 டிகிரி அறையில் உள்ளே இருக்கும் அழுத்தமும் வெளிக்காற்றின் அழுத்தமும் ஏறக்குறைய ஒன்றே. கண்ணாடிக்குச் சுமையே இல்லை. வெயிலில் நிறுத்திய மூடிய காரில் 60 டிகிரி ஆனால் உள்ளே இரண்டு வளிமண்டல அழுத்தம் வரும், அதைத் தவிர்க்க வேண்டும்.

கீழே விழுந்து உடைந்தால், குழந்தைகளை வெளியே அனுப்பி, ஜன்னல்களைத் திறந்து, விளக்கை அணைத்துவிட்டு அந்த இடத்தை விட்டு விலகுங்கள். திரவம் சில நிமிடத்தில் தானாக ஆவியாகிவிடும், அந்த ஆவியை முகரக் கூடாது. சுடர் பட்டால் அதிலிருந்து நச்சு வாயுக்கள் உண்டாகும். அதனால் குத்துவிளக்கிலிருந்து தள்ளியே வையுங்கள். குழந்தைகள் கைக்கு எட்டும் முதல் மூன்று படியும் வேண்டாம்.

வெப்பமானி:

மாமியின் அளவுகளே பதில் சொல்லிவிட்டன. 30.2-க்கும் 29.6-க்கும் வித்தியாசம் 0.6. குங்குமம் நெற்றியை அடைத்ததால் அந்த 0.6 முழுதும் தலைக்கு வரவில்லை, 0.35 வந்தது, 7 செ.மீ. ஏறியது. ஆரம்பத்தில் நாலைந்து தரம் குனிந்தது, குளிர்ந்த அறையிலிருந்து நல்ல குளிர்ச்சியோடு தலை வந்ததால்.

ஹாலோஜன் அனல் தலையில் விழுவது பொம்மைக்கு நேர் எதிரான வேலை. தலை குளிர வேண்டும், வயிறு சூடாக வேண்டும். அதே விளக்கைத் தலைக்கு மறைத்து வயிற்றுக்குக் காட்டினால் நனைக்காமலேயே கூட ஓடும், வயிற்றுக்குக் கருப்புப் பூசினால் இன்னும் நன்றாக. ஆனால் கொலுவுக்கு சுலபமான வழி, ஹாலோஜனை எடுத்துவிட்டு எல்இடி போடுவது. பறவையைப் படியின் நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்த்துங்கள், தெர்மாகோல் தடுப்பு முடியும் இடத்துக்கு. யுஎஸ்பி சிறு விசிறி ஒன்றைப் பக்கவாட்டில் ஒரு மீட்டர் தள்ளி, குறைந்த வேகத்தில் வையுங்கள். தலையைச் சுற்றித் தேங்கும் ஈரக்காற்றை அது தள்ளிவிடும். நேரெதிரே வைத்தால் பறவையைப் பின்னுக்குத் தள்ளி ஆட்டத்தைக் கெடுக்கும்.

படுக்கையறையில் 7 டிகிரி, ஹாலில் 3 டிகிரி. ஏற்றுவதற்கே அரை டிகிரி கழித்தால் 6.5-க்கும் 2.5-க்கும் உள்ள விகிதம். அங்கே 20 நொடி என்றால் ஹாலில் 50 நொடியை எதிர்பாருங்கள்.

இது நிரந்தரமாக ஓடும் இயந்திரமோ என்று கொலுவுக்கு வருபவர்கள் கேட்பார்கள். அறையின் வெப்பத்தை வயிறு எடுத்துக்கொள்கிறது, தலையில் காயும் தண்ணீர் அதை வெளியேற்றுகிறது, நடுவில் கொஞ்சம் வேலை நடக்கிறது. ரயில் இன்ஜினைப் போல இதுவும் வெப்ப இயந்திரம்தான். 3 டிகிரி வித்தியாசத்தில் எந்த இயந்திரமும் எடுத்த வெப்பத்தில் ஒரு சதவீதத்துக்கு மேல் வேலையாக்க முடியாது. பறவை அதிலும் மிகச் சிறு பங்கைத்தான் ஆக்குகிறது. மீதி எல்லாம் ஈரமாகக் காற்றில் போகிறது. டம்ளர் வற்றினால் நிற்கும், அதுவே எரிபொருள். அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த மைல்ஸ் சல்லிவன் 1946-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். கண்ணாடிப் பெட்டியால் மூடினால் உள்ளே காற்று ஈரத்தால் நிறைந்து நின்றுவிடும், திறந்தால் மறுபடி ஓடும். கேட்பவர்களுக்கு அதைச் செய்தே காட்டலாம்.

மாடவீதி மாமி:

குங்குமம் போகத் துளி பாத்திர சோப்பும் தண்ணீரும் வைத்து ஒற்றினேன், பிறகு ஆர்ஓ தண்ணீர். எல்இடி மாற்றியாயிற்று, ஏழாவது படி ஓரத்தில் வைத்திருக்கிறேன். 55 நொடிக்கு ஒருதரம் குனிகிறது, மூன்று மணி நேரமாக நிற்கவில்லை. விசிறி இன்னும் வைக்கவில்லை. கொலு முடிந்ததும் மற்ற பொம்மைகளோடு பரணில் போடலாமா?

பட்டறை:

பரணில் வேண்டாம், மாமி. மற்ற பொம்மைகள் மேலே சாய்ந்தால் குழாய் கழுத்தில் உடையும். தலை முழுக்கக் காயும்வரை இரண்டு நாள் நிழலில் விடுங்கள், ஈரத்தோடு மூடினால் பூச்சில் பூஞ்சை பிடிக்கும். பிறகு கால்களிலிருந்து கழற்றி, வயிறு கீழே இருக்கும்படி பஞ்சில் செருகி, தனி டப்பாவில் நிமிர்த்தி வைத்து அலமாரிக்குள் வையுங்கள்.