சாட்டிலைட் நெட்வொர்க்கை ஹேக் பண்ணா விண்வெளிச் சட்டத்துல நஷ்டஈடு கேக்க முடியுமா?

நிலாப்பித்தன்:
சாட்டிலைட் இன்டர்நெட் குடுக்கற அமெரிக்க கம்பெனி வயாசாட்டை ஹேக் பண்ண விஷயம் படிச்சிட்டிருக்கேன். 2022 பிப்ரவரி 24, ரஷ்யப் படை உக்ரைனுக்குள்ள நுழையறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி அவங்களோட கேஏ-சாட் சாட்டிலைட் நெட்வொர்க்ல அடிச்சிருக்காங்க, பல்லாயிரக்கணக்கான மோடம் காலி, ஜெர்மனில சுமார் 5,800 காத்தாலைக்கு ரிமோட் கனெக்‌ஷன் போயிடுச்சு. சண்டையிலயே இல்லாத நாடு அது. 1972 லையபிலிட்டி கன்வென்ஷன்படி ஜெர்மனி நஷ்டஈடு கேக்கலாமா?

கருப்புக்கோட்டு:
கஷ்டம் தம்பி. அந்த ஒப்பந்தம் விண்பொருளால வர்ற சேதத்துக்கு. 1978ல சோவியத் சாட்டிலைட் காஸ்மோஸ் 954 கனடால விழுந்துச்சு, சோவியத் 1981ல 30 லட்சம் கனடா டாலர் குடுக்க ஒத்துக்கிச்சு, அது பொருந்துற கேஸ். இங்க சாட்டிலைட்டுக்கு ஒரு கீறல் கூட இல்ல, தரையில சரியா செட் பண்ணாத விபிஎன் (வெளியிலேர்ந்து நெட்வொர்க்குக்குள்ள வர்ற பாதுகாப்பு இணைப்பு) வழியா உள்ள பூந்து மோடத்தோட மெமரியை அழிச்சிருக்காங்க. இன்னொண்ணு, அதுல பொறுப்பு ஏவின நாட்டுக்குத்தான், ஹேக்கருக்கு இல்ல. நாளைக்கு யாரோ ஹேக் பண்ணி ஒரு சாட்டிலைட்டை ஊர் மேல விழ வச்சாலும் மொதல்ல பணம் கட்டவேண்டியது ஏவின நாடுதான், இது எனக்கு ரொம்ப அநியாயமா படுது.

நிலாப்பித்தன்:
ஆனா சார், கேஏ-சாட் 2010ல பைக்கனூர்லேர்ந்து ரஷ்யாவோட புரோட்டான் ராக்கெட்ல தானே போச்சு? அப்ப ரஷ்யாவே ஏவின நாடுதானே?

கருப்புக்கோட்டு:
நல்லா புடிச்ச! வாதம் பண்ணலாம், ஆனா சேதம் சாட்டிலைட்டால வந்துச்சுன்னு காட்டணும்ல, அங்கதான் இடிக்கும்.

ஆன்டெனா:
அதோட விட்டுடாதீங்க. 1967 விண்வெளி ஒப்பந்தம் 9வது பிரிவு மத்த நாட்டு நலனை மதிக்கணும், அவங்க வேலைக்கு இடைஞ்சல் வரலாம்னு தோணினா முன்னாடியே கலந்து பேசணும்னு சொல்லுது, ஆனா அது விண்வெளில நடக்கற செயலைப் பத்தி, கீபோர்டு தரையில இருந்தா என்ன பண்றதுன்னு தெளிவா இல்ல. ஐடியூ (சர்வதேச தொலைத்தொடர்பு யூனியன்) விதியும் ரேடியோ சிக்னலை மறிக்கற ஜாமிங்குக்கு சரி, மால்வேருக்கு ஒட்டாது. நான் பிடிச்சுக்கறது அதே 1967 ஒப்பந்தத்தோட 3வது பிரிவு, விண்வெளிலயும் ஐநா சாசனம் உட்பட சர்வதேச சட்டம் செல்லும்னு இருக்கு. அதனால இறையாண்மை, அரசோட பொறுப்பு, போர்னா போர்ச் சட்டம், எல்லாம் உள்ள வருது. 2022 மே 10 அன்னிக்கு ஐரோப்பிய யூனியன் ரஷ்யாவை பேர் சொல்லி கண்டிச்சப்பவும் சைபர் நடத்தை விதியைத்தான் கையில எடுத்தாங்க. கேஸ் அந்தப் பக்கம்தான் பலமா நிக்கும், நீங்க பேப்பர் எழுதறதா இருந்தா அங்கேர்ந்து ஆரம்பிங்க.