8 வயது மகளின் கடைவாய்ப் பல் ஓரம் உதிருது, ஸ்டீல் மூடி எங்க போடுவாங்க?

களுவாஞ்சிகுடியில இருந்து எழுதுறன். மகளுக்கு 8 வயது. 6 வயதில முளைச்ச நிரந்தரக் கடைவாய்ப் பல், கீழ் இடப்பக்கம், வரும்போதே மஞ்சளும் பழுப்புமாத் திட்டுத் திட்டா வந்தது. இப்ப சோக்குக் கட்டி மாதிரி ஓரம் உதிருது. முன்பல் ஒண்டிலயும் வெள்ளைத் திட்டு. ஐஸ்பழம் வேணாம், பச்சைத் தண்ணி பட்டாலே துள்ளுறா.

இனிப்புக் குடுத்துக் கெடுத்திட்டன் எண்டு ஊரே சொல்லுது. பால்பல் ஒண்டிலயும் சூத்தை இல்லையே! டொக்டர் சொன்னது வேற: பிறந்ததில இருந்து 3 வயதுக்குள்ள இந்தப் பல்லில எனாமல் உருவாகேக்க கனிப்பொருள் சரியாச் சேரல்லயாம். எம்.ஐ.எச். எண்டு பேர். கிணத்துத் தண்ணி புளோரைட்டோ எண்டும் கேட்டன். அதெண்டா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி, கனக்கப் பல்லில தெரியும் எண்டார்.

பல்லைப் பலப்படுத்துற புளோரைட் வார்னிஷ் ரெண்டு தரம் பூசியாச்சு. மார்ச்சில அடைச்சது மே மாதம் விழுந்தது. ஜூலையில திரும்ப அடைச்சது ஒரு மாதம்கூட நிக்கல்ல. ரெண்டாந்தரம் ஊசி போட்டும் சரியா மரக்கல்ல, இந்தவகைப் பல்லுக்கு அப்பிடித்தானாம். இப்ப கதிரையைக் கண்டாலே அழுகை. அம்மம்மாட கராம்பு எண்ணெயும் பாத்தாச்சு.

ஒரு டொக்டர் பல்லை முழுசா மூடுற ஸ்டீல் மூடி போடச் சொல்லுறார். மற்றவர் எக்ஸ்ரே பாத்து இந்த வயதிலேயே பிடுங்கினா பின்பல் முன்னுக்கு நகர்ந்து வந்து அந்த இடத்தைப் பிடிக்கும் எண்டுறார்.

மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறைப் பக்கம் அரச ஆஸ்பத்திரியில பிள்ளைகளுக்கு நிரந்தரக் கடைவாய்ப் பல்லுக்கு ஸ்டீல் மூடி போடுறாங்களா, இல்லாட்டி பேராதனைப் பல் ஆஸ்பத்திரிக்குத்தான் போகணுமா?