புதுப்பிப்பு: புளியரை தாண்டியதும் சிக்னல் இழந்த ஜிபிஎஸ் கருவி சரியாகிவிட்டது

செங்கோட்டையிலிருந்து புனலூர் போகும்போது, புளியரை தாண்டி மலைப்பாதை தொடங்கியதும் என் காரின் ஜிபிஎஸ் கருவி 'செயற்கைக்கோள் கிடைக்கவில்லை' என்று நின்றுவிடுவதாக எழுதியிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

முதலில் ரீசெட் செய்தேன். பலன் இல்லை. ரீசெட்டுக்குப் பின் எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கும் என்ற முழு அட்டவணையும் மறுபடி வந்து சேர 12.5 நிமிடம் ஆகும். திறந்த வெளியில் வண்டியை நிறுத்திப் பொறுமையாகக் காத்திருங்கள்.

'டேஷ்கேம் (காரின் முன்பக்கம் பாதையைப் படம்பிடிக்கும் கேமரா) சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள்' என்ற யோசனைதான் பலித்தது. ஆரியங்காவு அருகே ஓரமாக நிறுத்திக் கழற்றினேன். ஒரு நிமிடத்துக்குள் ஜிபிஎஸ் திரையில் செயற்கைக்கோள் சிக்னலைக் காட்டும் சாம்பல் நிறக் கோடுகள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. திரும்பச் செருகியதும் எல்லாம் மறைந்தன. மூன்று முறை செய்து பார்த்தேன், மூன்று முறையும் அப்படியே. சுமார் 20,200 கி.மீ. உயரத்திலிருந்து வரும் சிக்னல் மிக மெலிந்தது. மலிவான சார்ஜரின் மின்னிரைச்சல் அதை அமுக்கிவிடுகிறது. சமவெளியில் எப்படியோ தாக்குப்பிடித்த கருவி, மலையும் மரமும் வானத்தை மறைத்ததும் தோற்றுவிட்டது. நான் வீணாக மலையைப் பழித்துவிட்டேன்!

தரமான சார்ஜர் வாங்கி, கேமராவையும் கருவியிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தேன். நேற்று தென்மலை வரை ஒருமுறைகூட அறுபடவில்லை.

எதிர்பாராத ஒன்று: கருவியின் பின்மூடி லேசாகத் தூக்கியிருந்தது. தென்காசியில் கடைக்கார அண்ணாச்சி திறந்தபோது பேட்டரி தலையணைபோல் உப்பியிருந்தது. உடனே மாற்றிவிட்டோம். வெயிலில் கண்ணாடியில் ஒட்டி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இன்றே பின்மூடியைத் தடவிப் பாருங்கள்; உப்பிய பேட்டரியை அழுத்தவோ குத்தவோ வேண்டாம், தீப்பிடிக்கும்.