மறு: தானியங்கி கியர் பெட்டிக்கு ‘ஃப்ளஷ்’: தமிழில் என்ன சொல்வது?

நண்பர்களுக்கு வணக்கம்.

இழை தொடங்கியதிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். தானியங்கி கியர் பெட்டியின் பழைய திரவத்தை எடுத்துவிட்டுப் புதியது விடும் ‘ஃப்ளஷ்’ என்பதற்கு அலசல், கழுவல், தூர்வாரல் என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றும் நல்ல சொற்கள்தான். ஆனால் எந்த வேலைக்குப் பெயர் வைக்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்யாவிட்டால் எந்தச் சொல்லும் நிற்காது. ஹூஸ்டன் பக்கம் ஓடும் என் 2007 செவ்ரலே சில்வராடோ பிக்கப் வண்டி 1,92,000 மைலைத் தாண்டிவிட்டது. போன கோடையில் இதே கேள்வியோடு பல நாள் அலைந்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

யாரைக் கேட்டாலும் இரண்டு பதில்தான். “இத்தனை மைல் ஓடின வண்டிக்கு ஃப்ளஷ் பண்ணாதே, கியர் வழுக்கும்” என்பார் ஒருவர், “பண்ணாவிட்டால்தான் போகும்” என்பார் இன்னொருவர். உட்கார்ந்து பேசிப் பார்த்தால் இருவரும் வேறு வேறு வேலையைச் சொல்கிறார்கள். அமெரிக்கப் பட்டறைகளில் அந்த ஒரே சொல் குறைந்தது மூன்று வேலைக்கு ஓடுகிறது.

முதல் வேலை, கியர் பெட்டியின் அடித்தட்டைக் கழற்றி, உள்ளே இருக்கும் திரவத்தில் வடிகிறதை வடியவிட்டு, வடிகட்டியை மாற்றி, வடிந்த அளவுக்குப் புதியது ஊற்றுவது. என் வண்டியில் இருப்பது ஜி.எம். நிறுவனத்தின் 4எல்60-இ பெட்டி. அதில் மொத்தம் 11 குவார்ட் (ஒரு குவார்ட் ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு) பிடிக்கும், தட்டைக் கழற்றினால் 5 குவார்ட்தான் வரும். மிச்சம், எஞ்சினின் விசையைத் திரவம் வழியாகப் பெட்டிக்குக் கடத்தும் முறுக்குவிசை மாற்றியிலும் (டார்க் கன்வர்ட்டர்) குளிர்விக்கும் குழாய்களிலும் நின்றுவிடும். ஆக, ஒருமுறை மாற்றினால் பழையதில் 55 விழுக்காடு உள்ளேயே இருக்கும், இரண்டாம் முறை 30, மூன்றாம் முறை 16. சில நூறு மைல் இடைவெளி விட்டு மூன்று முறை செய்தால் பெரும்பகுதி புதியதாகிவிடும், செலவாவது 15 குவார்ட்.

இரண்டாவது, குளிர்விப்பானுக்குப் போகும் குழாயில் ஓர் இயந்திரத்தை இணைத்து, எஞ்சினை ஓடவிட்டு, பெட்டியின் சொந்த பம்பு பழையதைத் தள்ளத் தள்ள அதே அளவு புதியதை உள்ளே விடுவது. இதில் கூடுதல் அழுத்தம் எதுவும் கிடையாது, எல்லாம் வழக்கமாக ஓடுகிற திசையிலேயே ஓடுகிறது. ஆனால் தட்டைக் கழற்றாததால் வடிகட்டியும், தட்டில் இரும்புத் துகளைப் பிடித்துவைக்கும் காந்தமும் பழையபடியே கிடக்கும்.

மூன்றாவதுதான் பயப்பட வேண்டியது. கரைப்பான் மருந்து ஒன்றைக் கலந்து, சில கடைகளில் அழுத்தம் கொடுத்தும் எதிர்த்திசையிலும் தள்ளிச் சுத்தம் செய்வது. பல வருஷமாக ஓரமாகப் படிந்து யாருக்கும் தொந்தரவு தராமல் இருந்த கசடு பெயர்ந்து, திரவத்தை அந்தந்த கியருக்குத் திருப்பிவிடும் வால்வு உடலின் மிக நுண்ணிய வழிகளில் போய் உட்கார்ந்துகொண்டால் கியர் மாறாது. எங்கள் தெருவில் ஒருவருடைய வண்டிக்கு இதைச் செய்து பத்து நாளில் மூன்றாவது கியர் போய்விட்டது. ஆனால் அந்த வண்டி அதற்கு முன்பே வழுக்க ஆரம்பித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பலரும் கடைக்குப் போவதே வழுக்க ஆரம்பித்த பிறகுதான், அப்புறம் பழி முழுவதும் மருந்தின் மேல் விழுகிறது. தேய்ந்த கிளட்ச் தகட்டுத் துகள் பழைய திரவத்தில் மிதந்து கொஞ்சம் பிடிமானம் தருகிறது, அதை எடுத்தால் வழுக்கும் என்றும் சொல்வார்கள். அப்படித் துகளை நம்பி ஓடுகிற தகடு எப்படியும் போகப்போகிற தகடுதான்.

ஆகவே மூன்று வேலைக்கும் மூன்று பெயர் வைப்போம் என்பது என் முன்மொழிவு.

முதல் வேலை வடிமாற்று. நாமக்கல் லாரிப் பட்டறையில் “ஆயிலை வடிச்சிட்டுப் புதுசு ஊத்து” என்பார்கள், அந்த வடிதான் இது. கேட்டதும் கை வேலை புரிகிறது.

இரண்டாவது ஓட்டமாற்று. எஞ்சினும் ஓடுகிறது, திரவமும் ஓடுகிறது, அந்த ஓட்டத்திலேயே மாற்றுகிறோம்.

மூன்றாவது மருந்தலசல். வெறும் ‘அலசல்’ என்றால் இன்று எல்லோருக்கும் அரசியல் அலசல்தான் நினைவுக்கு வரும் என்று முன்பே ஒருவர் சொன்னார், சரிதான். முன்னால் மருந்து சேர்த்ததும் அந்தக் குழப்பம் போய்விடுகிறது, எச்சரிக்கையும் சொல்லிலேயே வந்துவிடுகிறது. தூர்வாரல் எனக்கு மிகவும் பிடித்த சொல். ஆனால் தூர் வாரும்போது அடி மண்ணைத்தானே அள்ளுகிறோம்? இங்கே அடியில் கிடப்பது தட்டைக் கழற்றினால் மட்டுமே வரும்.

இன்னொன்று, இது சொல்லழகைவிட முக்கியம். ‘கியர் எண்ணெய்’ என்று போன மடலில் வந்ததை தயவுசெய்து விட்டுவிடுங்கள். அந்தப் பெயரில் கடையில் கேட்டால் 80டபிள்யூ-90 போன்ற கெட்டியான எண்ணெயைத்தான் கொடுப்பார்கள், அதைத் தானியங்கிப் பெட்டியில் ஊற்றினால் பெட்டி வீண். உள்ளே இருக்கும் சிவப்புத் திரவம் வழவழப்புக்கு மட்டும் இல்லை. அழுத்தத்தைக் கடத்துகிறது, சூட்டை எடுத்துப்போகிறது, முறுக்குவிசை மாற்றியில் எஞ்சினின் விசையையே சுமக்கிறது, கிளட்ச் எவ்வளவு பிடிக்க வேண்டுமோ அவ்வளவு பிடிக்க விடுகிறது. அந்தப் பிடிப்பைச் சரிசெய்ய 1970களின் தொடக்கம் வரை திமிங்கில எண்ணெய் கலந்தார்கள், அழிந்துவரும் உயிரினங்களைக் காக்கும் சட்டம் வந்த பிறகுதான் மாற்று தேடினார்கள். நம் பாடநூல்களில் உள்ள ‘பாய்மம்’ இதற்குப் பொருந்துகிறது. தானியங்கிப் பாய்மம் என்போம். ‘தானிப் பாய்மம்’ என்று சுருக்கவும் முடியாது, தானி ஏற்கெனவே ஆட்டோ ரிக்‌ஷாவுக்குப் போய்விட்டது.

சரி, என் வண்டிக்கு என்ன செய்தேன் என்று இருவர் கேட்டிருந்தீர்கள். பெட்டியில் பாய்ம அளவு பார்க்கும் கம்பியை (டிப்ஸ்டிக்) எடுத்து வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன். செம்பழுப்பு, அடிப்பிடித்த வாடை இல்லை. பதினாறு போல்ட்டைத் தளர்த்தி ஒரு மூலையாகத் தட்டைச் சாய்த்தேன், முழங்கை வரை வழிந்தது. காந்தத்தில் கண்மை மாதிரி சாம்பல் நிறக் குழைவு. விரலில் தேய்த்தால் நறநறக்கவில்லை, மினுங்கும் சில்லும் இல்லை. சில்லு இருந்திருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டுப் பெட்டியைப் பிரிக்கக் காசு சேர்த்திருப்பேன். வடிகட்டியை மாற்றி டெக்ஸ்ரான்-6 என்னும் ஜி.எம். தரப் பாய்மத்தை ஊற்றினேன், ஐந்நூறு மைல் கழித்து மறுபடி, அதற்கப்புறம் இன்னொன்று. மூன்று வடிமாற்று. கியர் முன்பைவிட மெத்தென்று மாறுகிறது. தொடக்கத்திலிருந்தே ஒழுங்காக மாற்றிவந்த வண்டி என்றால் ஓட்டமாற்று இரண்டு லட்சம் மைலிலும் தாங்கும். பழைய கதை தெரியாமல் வாங்கிய வண்டிக்கு வடிமாற்றோடு நிறுத்திக்கொள்வேன், மருந்தலசல் எந்த வண்டிக்கும் வேண்டாம்.

வடிமாற்று, ஓட்டமாற்று இரண்டையும் பிரிக்காமல் ஒரே சொல்லாக எழுதலாமா என்று இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். யாழ்ப்பாணத்துக் கராச்சுகளில் இந்த முதல் வேலைக்கு என்ன சொல்கிறார்கள்? அங்கே தானியங்கி வண்டிகள் நிறைய ஓடுகின்றன, வடிமாற்றைவிட நல்ல சொல் அவர்கள் வாயிலேயே இருந்தால் அதையே எடுத்துக்கொள்வோம்.