6 அங்குலப் பள்ளத்தில் ஃப்ளோர் ட்ராப் உட்காருமா? குளியலறை மராமத்து, உதவி தேவை

மாம்பலம் மாடிவீடு:
மேற்கு மாம்பலத்தில் இரண்டாவது மாடி ஃப்ளாட், 1994-இல் கட்டியது. குளியலறை 7-க்கு 5 அடி. கீழ் வீட்டு மாமா தன் பாத்ரூம் சீலிங்கில் ஈரம் படர்வதை ஆறு மாதமாகக் காட்டிக்கொண்டே இருந்தார். ஒருவழியாகப் போன வாரம் டைல்ஸைப் பெயர்த்தோம். தரைத் தண்ணீர் வெளியேறும் இடத்தில் இருந்த பழைய வார்ப்பிரும்பு நாணி ட்ராப்பின் (உள்ளே தண்ணீர் நின்று சாக்கடை வாடையை மேலே வராமல் தடுக்கும் கிண்ணம்) அடிப்பக்கம் துருவேறி, விரலால் அழுத்தினால் பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஈரத்துக்குக் காரணம் தெரிந்துவிட்டது.

இப்போது புது ட்ராப்பில் மாட்டிக்கொண்டேன். குழாய் பதிக்கக் குளியலறைத் தரையைத் தாழ்த்திக் கட்டிய பள்ளம் 6 அங்குலம்தான், மல்டி ட்ராப் (பக்கவாய்கள் வழியாக மற்ற குழாய்களும் வந்து சேரும் ட்ராப்) உட்காராது என்கிறார் பிளம்பர். "ட்ராப் எதுக்கு சார், ஒரு வளைஞ்ச எல்போ பைப் போட்டு மேல கரப்பான் ஜாலி வெச்சிடலாம், நாத்தமே வராது" என்பது அவர் யோசனை. கடையில் மூன்று காட்டினார்கள். ஒன்று வழக்கமான 110-க்கு 75 மி.மீ. பி.வி.சி. மல்டி ட்ராப். இரண்டாவது குட்டையானது, அதில் பாட்டில் தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன், உள்தடுப்பு ஒரு விரல் அகலம்தான் தண்ணீரில் முங்குகிறது. மூன்றாவதில் தண்ணீரே நிற்காது, சிலிக்கான் நாக்கு திறந்து மூடும், விலையும் கூட. வாஷ்பேசின் தண்ணீரும் வாஷிங் மெஷின் தண்ணீரும் இந்த ட்ராப்புக்குத்தான் வரும். எதை வாங்குவது?

வேளச்சேரிக்காரன்:
எல்போ, ஜாலி யோசனையைத் தயவுசெய்து கேட்காதீர்கள். என் வீட்டில் அப்படித்தான் செய்தார்கள். ஜாலி கரப்பானைத் தடுக்கும், காற்றை எப்படித் தடுக்கும்? எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டால் சாக்கடை வாடை ஹால் வரைக்கும் வந்தது. ஃபேன் உள்ளே இருக்கும் காற்றை வெளியே தள்ளத் தள்ள, குழாயிலிருந்து காற்றை இழுத்துக்கொள்கிறது.

சிலிக்கான் நாக்கையும் அப்புறம் போட்டுப் பார்த்தேன். எங்கள் போர் தண்ணீர் உப்பு. எட்டு மாதத்தில் நாக்கு ஓரத்தில் வெள்ளையாகப் படிந்து, நடுவில் முடி சிக்கி, வாய் பாதி திறந்தே கிடந்தது.

பழைய பிளம்பர்:
தம்பி, நான் 30 வருடமாக இந்த வேலைதான். மூன்று மாடல் என்று குழம்ப வேண்டாம், உள்ளே எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று மட்டும் பாருங்கள். தண்ணீர் வழிந்து வெளியேறும் விளிம்பிலிருந்து, உள்ளே தொங்கும் தடுப்பின் கீழ்நுனி வரை 50 மி.மீ. ஆழம் வேண்டும். ட்ராப்பின் மொத்த உயரம் வேறு, இது வேறு. கடைக்காரரிடம் கேட்டால் பெரும்பாலும் அந்த உயரத்தைத்தான் சொல்வார்.

நீங்களே அளக்கலாம். கட்டுக்கம்பி ஒரு துண்டு எடுத்து நுனியை ‘ட’ மாதிரி மடக்குங்கள். ட்ராப் வழியும் வரை தண்ணீர் ஊற்றிவிட்டு, கம்பியை உள்ளே விட்டுத் தடுப்பின் அடியில் கொக்கி மாட்டுங்கள். தண்ணீர் மட்டத்தில் நகத்தால் பிடித்து வெளியே எடுத்து டேப்பில் வையுங்கள். 2 அங்குலத்துக்குக் குறைந்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

ஏன் 50? மாடியில் ஒருவர் ஒரு வாளித் தண்ணீரை மொத்தமாகக் கவிழ்த்தால், குழாயில் அது இறங்கும் வேகத்தில் உங்கள் ட்ராப் தண்ணீரும் கொஞ்சம் இழுபடும். போதாததற்கு நம் ஊர் வெயில். கத்திரியில் பத்து நாள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போய் வந்தால் அந்த ஒரு விரல் தண்ணீர் இருக்காது. ஊருக்குக் கிளம்பும்போது ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி, மேலே இரண்டு ஸ்பூன் எண்ணெய் விட்டால் சீக்கிரம் வற்றாது.

சிவில் தம்பி:
வற்றிய ட்ராப் வெறும் நாற்றத்தோடு போகிற விஷயமும் இல்லை. 2003-இல் ஹாங்காங்கில் அமோய் கார்டன்ஸ் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் 300-க்கும் மேற்பட்டவர்களுக்கு சார்ஸ் என்ற மூச்சுத் தொற்று நோய் வந்தது. குளியலறைத் தரை ட்ராப்கள் காய்ந்து கிடந்ததும், எக்ஸாஸ்ட் ஃபேன்கள் கழிவுக்குழாய்க் காற்றை உள்ளே இழுத்ததும் முக்கியக் காரணங்களாகச் சொல்லப்பட்டன.

சரி, உங்கள் பள்ளத்துக்கு வருகிறேன். 6 அங்குலம் எதிலிருந்து எதுவரை அளந்தது? அந்தக் காலத்தில் பள்ளத்தைச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு நிரப்புவார்கள். அது இறுகிவிட்டால் பார்க்கக் கான்கிரீட் மாதிரியே இருக்கும். சுத்தியலால் நாலு இடத்தில் தட்டிப் பாருங்கள். கான்கிரீட் ஸ்லாப் என்றால் ‘டங்’ என்று கேட்கும், நிரப்பு என்றால் ‘தொப்’. ஆனால் ஆழம் போதவில்லை என்று ஸ்லாப்பை மட்டும் கொத்த விடாதீர்கள், உள்ளே கம்பி இருக்கிறது.

பெரம்பூர் அக்கா:
ட்ராப் பேச்சு வந்ததால் ஒரு வார்த்தை. வெஸ்டர்ன் க்ளாசெட்டும் மாற்றுகிறீர்களா? அதிலும் பி ட்ராப், எஸ் ட்ராப் என்று இரண்டு உண்டு. பி என்றால் கழிவு பின்பக்கச் சுவர் வழியாகப் போகும், எஸ் என்றால் நேராகத் தரைக்குள் இறங்கும். அழகாக இருக்கிறதே என்று நான் எஸ் வாங்கிவிட்டேன், எங்கள் குழாயோ சுவரில். பெட்டியைப் பிரித்துவிட்டதால் கடையில் திரும்ப எடுக்கவில்லை. எட்டு மாதமாக மொட்டை மாடியில் கிடக்கிறது, அம்மா அதில் கற்றாழை வைக்கலாம் என்கிறார். எஸ் வாங்குவதாக இருந்தால் டைல்ஸ் ஒட்டிய சுவரிலிருந்து குழாயின் நடுப்புள்ளி வரை அளந்துகொண்டு போங்கள். 100, 220, 300 மி.மீ. என்று மாடலுக்கு மாடல் மாறும்.

மாம்பலம் மாடிவீடு:
சிவில் தம்பி, உங்கள் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். மூன்று இடத்தில் ‘தொப்’! ஸ்லாப் என்று நாங்கள் நினைத்தது இரண்டேகால் அங்குலம் பழைய ஜல்லி. பிளம்பர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அதைப் பெயர்த்தார். இப்போது ஆழம் எட்டேகால் அங்குலம்.

சைடன்ஹாம்ஸ் ரோடு போய் ‘ட’ கம்பியோடு நான்கு ட்ராப் அளந்தேன். கடைப் பையன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். முதல் மூன்றும் தேறவில்லை, நான்காவதில் 52 மி.மீ. அதையே வாங்கி ஸ்லாப் மேல் வைத்துப் பார்த்தேன். வெளிக்குழாயின் மேல்விளிம்பு 7 அங்குலத்தில் நிற்கிறது. மேலே கலவைக்கும் டைல்ஸுக்கும் ஒன்றேகால் அங்குலம் மிச்சம். ட்ராப்பிலிருந்து சுவர் வரை 4 அடி. சுவர் ஓட்டை ஒன்றரை அங்குலம் கீழே இருக்கிறது, சாய்வு போதுமா?

இன்னொரு சந்தேகம். பேசினுக்கு அடியில் மாட்டும் பாட்டில் ட்ராப் வாங்கியிருக்கிறேன். அதன் தண்ணீர் மறுபடி மல்டி ட்ராப்புக்குள் போனால் ட்ராப் மேல் ட்ராப் ஆகிவிடாதா? அது கூடாது என்று எங்கோ படித்தேன்.

சிவில் தம்பி:
40-க்கு 1 என்று கணக்குப் போட்டால் 4 அடிக்குச் சுமார் ஒன்றேகால் அங்குலம் இறக்கம் வேண்டும். உங்களுக்கு ஒன்றரை இருக்கிறது, தாராளம்.

இரண்டு ட்ராப்புக்கு நடுவே காற்று போக வழி இல்லாமல் அடைபட்டால்தான் தண்ணீர் தயங்கித் தயங்கி, களக் களக் என்று இறங்கும். மல்டி ட்ராப்பில் பக்கவாய்கள் தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்கின்றன, மேலே ஜாலியும் திறந்திருக்கிறது. காற்று அது வழியாகப் போய்விடும். பாட்டில் ட்ராப் இருக்கட்டும். பேசினுக்கும் தரைக்கும் நடுவே உள்ள குழாயில் படியும் அழுக்கின் வாடையை அது தடுக்கும். அடிக்கிண்ணத்தைக் கையால் திருகிக் கழற்றும் மாடல்தானே? மாதம் ஒருமுறை கழற்றினால் உள்ளே சேர்ந்த முடியும் சோப்புக் கசடும் வந்துவிடும். வாஷிங் மெஷினுக்குத் தனிப் பக்கவாய் கொடுங்கள். அது பம்ப் பண்ணித் தள்ளுவதால் பேசினோடு சேர்த்தால் பேசின் வழியாக நுரை மேலே வரும்.

பழைய பிளம்பர்:
தம்பி, ட்ராப்பை உட்கார வைத்ததும் அதன் கழுத்தைச் சுற்றி வாட்டர் ப்ரூஃபிங் கெட்டியாக வர வேண்டும், ஒழுகுவது எப்போதும் அந்த இடம்தான். பள்ளத்தில் தண்ணீர் நிறுத்தி இரண்டு நாள் விடுங்கள். கீழ் வீட்டு மாமாவையே சீலிங்கைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள், அவரை விட உன்னிப்பாக யாரும் பார்க்க மாட்டார்கள்.

டைல்ஸ் ஒட்டும் முன் ட்ராப் வாயைச் சாக்குத் துணியால் இறுக அடைத்துவிடுங்கள். கொத்தனார் கரண்டி கழுவுவதும் கை கழுவுவதும் அந்த ஓட்டையில்தான். உள்ளே சிமெண்ட் இறங்கி இறுகிவிட்டால் உங்கள் 52 மி.மீ.க்கு மறுபடியும் தரையை உடைக்க வேண்டியிருக்கும்.