ரயில், மலை, லேப்டாப்: டாங்கிள் வாங்கவா, போன் ஹாட்ஸ்பாட்டே போதுமா?

வழித்துணை (கேள்வி):

வணக்கம். அடுத்த மாதம் மூன்று வாரப் பயணம். குன்னூரில் ஒரு வாரம், வயநாட்டில் ஒரு வாரம், பிறகு கோழிக்கோட்டிலிருந்து கொங்கண் ரயிலில் மும்பை. வேலை நாள்களில் தினமும் இரண்டு மணி நேரம் வீடியோ மீட்டிங் உண்டு. அதுபோக ஆபீஸ் விபிஎன் (ஆபீஸ் நெட்வொர்க்குக்கான பாதுகாப்பான இணைப்பு) வழியாக ஃபைல்களை ஏற்றி இறக்க வேண்டும். விண்டோஸ் 11 லேப்டாப், சிம் போடும் வசதி இல்லை. கையில் இருப்பது இரண்டு சிம் போடக்கூடிய 5ஜி ஆண்ட்ராய்டு போன். அதில் ஏர்டெல் பிரீபெய்டு, தினம் 2 ஜிபி. வங்கிக்குக் கொடுத்திருப்பதும் அந்த எண்தான். பட்ஜெட் 4,000 ரூபாய். சிம் போட்டு லேப்டாப்பில் செருகும் யூஎஸ்பி டாங்கிள் வாங்கலாமா, பேட்டரி உள்ள பாக்கெட் ரவுட்டர் வாங்கலாமா? வீட்டில் ஒரு பழைய 4ஜி போனும் சும்மா கிடக்கிறது.

அலைக்கற்றை:

கடைசி வரியில் சொன்ன பழைய 4ஜி போன்தான் உங்களுக்கு வேண்டிய பாக்கெட் ரவுட்டர். நாலாயிரத்தைக் கையிலேயே வைத்திருங்கள்.

அந்த விலைக்குக் கிடைக்கும் டாங்கிளும் ரவுட்டரும் பெரும்பாலும் 'கேட்டகரி 4' ரகம். பெட்டியில் 150 எம்பிபிஎஸ் என்று போட்டிருக்கும். ஆனால் அது ஒரு நேரத்தில் ஒரே ஒரு பேண்டில்தான் (அலைவரிசைத் தொகுதியில்தான்) டவரோடு பேசும். உங்கள் 5ஜி போன் 4ஜியில் ஓடும்போதுகூட இரண்டு, மூன்று பேண்டுகளைச் சேர்த்து இழுக்கும். இரவு எட்டு மணிக்கு ஊரே வீடியோ பார்க்கும்போது ஒரு பேண்டு நெரிந்தால் டாங்கிளும் அதோடு திணறும், போன் அடுத்த பேண்டில் சமாளித்துக்கொள்ளும். இன்னொரு நஷ்டமும் உண்டு. உங்கள் பிளானில் வரம்பில்லா 5ஜி இருந்தாலும், அந்த சிம்மை 4ஜி டாங்கிளில் போட்டால் தினம் 2 ஜிபியோடு சரி.

அப்படியும் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், விலையைப் பார்க்கும் முன் பேண்டு பட்டியலைப் பாருங்கள். ஜியோவின் 4ஜி ஓடுவது பேண்டு 3, 5, 40 ஆகியவற்றில். ஏர்டெல் 1, 3, 8, 40. பிஎஸ்என்எல் 1, 28, 41. ஆன்லைனில் மலிவாக வரும் ஐரோப்பிய மாடல்களில் பல 1, 3, 7, 8, 20 மட்டுமே எடுக்கும். அதில் ஜியோ சிம் போட்டால் ஊருக்குள் பேண்டு 3-ல் ஜோராக ஓடும். மலையேறியதும் 'நோ சர்வீஸ்' வரும். தூரம் போகும் 850 மெகாஹெர்ட்ஸ் பேண்டு 5 அதற்குத் தெரியாது. பலர் டாங்கிள் பழுதாகிவிட்டது என்று தூக்கிப்போடுவது இந்த இடத்தில்தான். ஏதாவது ஒரு ஆபரேட்டரின் பெயர் பொறித்த பழைய டாங்கிள் என்றால் வேறு சிம்மை ஏற்காதபடி பூட்டியிருக்கவும் வாய்ப்பு அதிகம்.

வங்கி எண் உள்ள சிம்மை டாங்கிளில் ஒருபோதும் போடாதீர்கள். ஓடிபி வந்தால் பிரவுசரில் 192.168.8.1 மாதிரி ஒரு முகவரிக்குப் போய் அதன் எஸ்எம்எஸ் பக்கத்தைத் திறந்து படிக்க வேண்டியிருக்கும். நானோ சிம்மை அடாப்டரில் வைத்துச் செருகினால் இழுக்கும்போது உள்ளே இருக்கும் மெல்லிய உலோக முள் மாட்டி வளையும். வளைந்தால் அந்த ஸ்லாட் அவ்வளவுதான்.

ஆக, 5ஜி போனில் ஏர்டெல் அப்படியே இருக்கட்டும். வேறு கம்பெனி சிம் ஒன்று வாங்கிப் பழைய போனில் போடுங்கள். இரண்டு சிம்மையும் ஒரே போனில் போடலாமே என்று தோன்றும். பல போன்களில் ஒரு சிம்மில் பேச்சு அழைப்பு வந்தால் மற்ற சிம்மின் டேட்டா நின்றுவிடும், மீட்டிங் நடுவில் அறுந்துபோகும். புது சிம்மைக் கிளம்பும் முன்பே உள்ளூரில் வாங்கி இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். இருக்கிற சிம்மை இ-சிம்மாக மாற்றும் எண்ணம் இருந்தால் அதையும் முன்கூட்டியே முடித்துவிடுங்கள். மாற்றிய பிறகு 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது என்பது தொலைத்தொடர்புத் துறையின் விதி. ரயிலில் உட்கார்ந்துகொண்டு மாற்றினால் ஓடிபி கிடைக்காமல் தவிப்பீர்கள்.

கணக்குப்புள்ளி:

அலைக்கற்றை சொன்னது சரி. டேட்டா கணக்கை மட்டும் சேர்க்கிறேன், ஏனென்றால் 2 ஜிபி பிளான் உங்களுக்குப் போதாது.

ஒரு எம்பிபிஎஸ் வேகம் ஒரு மணி நேரம் ஓடினால் 450 எம்பி. வீடியோ மீட்டிங்கில் வரவும் போகவும் சேர்ந்து 2.5 எம்பிபிஎஸ் என்று வைத்தால் மணிக்கு 1,125 எம்பி, இரண்டு மணி நேரத்துக்கு 2.25 ஜிபி. மீட்டிங் முடியும் முன்பே அன்றைய கோட்டா தீரும். பிறகு வேகம் 64 கேபிபிஎஸ், அதாவது மணிக்கு 29 எம்பி. அதில் மெயில்கூடத் திறக்காது. நள்ளிரவு 12 மணிக்குத்தான் மறுபடி கோட்டா வரும். 5ஜி வரம்பில்லாதது என்று நம்பியிருக்காதீர்கள். போன் 4ஜிக்கு இறங்கிய நிமிடத்திலிருந்து கோட்டா கரையும், மலையிலும் ரயிலிலும் பெரும்பொழுது 4ஜிதான் கிடைக்கும். கேமராவை மூடிவிட்டுக் குரல் மட்டும் என்றால் மணிக்கு நூறு எம்பியைத் தாண்டாது. புது சிம்முக்கு, தினசரி வரம்பில்லாமல் மொத்தமாக 25, 50 ஜிபி தரும் டேட்டா பேக் போடுங்கள். ஆனால் அவற்றில் பல, அடிப்படை பிளான் ஒன்று உயிரோடு இருந்தால்தான் வேலை செய்யும்.

டேட்டாவைத் திருட்டுத்தனமாகத் தின்பது விண்டோஸ். ஹாட்ஸ்பாட்டையும் அது வீட்டு வைஃபை மாதிரியே நினைத்து அப்டேட்டை இறக்கிவிடும். செட்டிங்ஸில் நெட்வொர்க் போய், இணைந்திருக்கும் இணைப்பின் பண்புகளில் 'மீட்டர்டு கனெக்ஷன்' (டேட்டாவை அளந்து செலவழிக்கும் இணைப்பு) என்பதை ஆன் செய்யுங்கள். யூஎஸ்பி கேபிளில் இணைத்தால் அது ஈதர்நெட் என்று தனியாக வரும், அதற்கும் ஒருமுறை ஆன் செய்ய வேண்டும். அப்டேட் பகுதியின் 'டெலிவரி ஆப்டிமைசேஷனில்' மற்ற கணினிகளோடு பகிர்வதை அணையுங்கள். இணையத்தில் உள்ள கணினிகளோடும் பகிரும்படி அமைந்திருந்தால், இறக்கிய அப்டேட்டை உங்கள் செலவில் ஊருக்கே பரிமாறும்.

மலைக்காற்று:

குன்னூர், வயநாடு இரண்டிலும் எந்த கம்பெனி நல்லது என்ற கேள்விக்கு ஊர் அளவில் பதில் கிடையாது. ஒரு தேயிலைச் சரிவின் இந்தப் பக்கம் ஐந்து கோடு, வளைவைத் தாண்டினால் பூஜ்யம். அறையை பதிவு செய்யும் முன் விடுதிக்குப் போன் போட்டு, "ரிசப்ஷனில் இல்லைங்க, அந்த அறைக்குள் எந்த சிம் எடுக்கும்?" என்று கேளுங்கள். வைஃபை இருக்கிறது என்றால் ஸ்பீட் டெஸ்ட் படம் ஒன்று அனுப்பச் சொல்லுங்கள். அதில் டவுன்லோடை விட்டுவிட்டு அப்லோடைப் பாருங்கள். ஆபரேட்டர்களின் இணையதளங்களில் கவரேஜ் வரைபடம் இருக்கிறது. அரசின் 'தரங் சஞ்சார்' தளத்தில் அந்த இடத்தைச் சுற்றியுள்ள டவர்களையும் பார்க்கலாம்.

அப்லோடு ஏன் முக்கியம்? டவர் பத்துக்கணக்கான வாட்டில் கத்தும். உங்கள் போன் பதில் சொல்வது 0.2 வாட்டில். ஆகவே சிக்னல் மெலியும்போது முதலில் சாவது அப்லோடு. எதிரில் இருப்பவர் உங்களுக்குத் தெளிவாகத் தெரிவார், உங்கள் குரல் மட்டும் அவருக்கு விட்டு விட்டுப் போகும். நெட் நன்றாகத்தானே இருக்கிறது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

கோடுகளை நம்பாமல் எண்ணைப் பாருங்கள். போன் செட்டிங்ஸில் 'அபௌட் போன்', 'சிம் ஸ்டேட்டஸ்' போனால் சிக்னல் டிபிஎம் கணக்கில் இருக்கும், மைனஸ் எண் பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. பல ஆண்ட்ராய்டு போன்களில் *#*#4636#*#* டயல் செய்தாலும் வரும். -95 அல்லது அதைவிட மேல் என்றால் மீட்டிங்குக்குக் கவலை இல்லை. -105 என்றால் கேமராவை மூடுங்கள். -110-க்குக் கீழே போனால் இடத்தை மாற்றுங்கள். அறை நடுவில் -112 காட்டும் போன், ஜன்னல் விளிம்பில் வைத்ததும் -100 காட்டுவது சாதாரணம். அதனால்தான் போன் ஜன்னலிலும் லேப்டாப் மேசையிலும் இருக்க வேண்டும். இரண்டு மீட்டர் யூஎஸ்பி கேபிள் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் டேட்டா கேபிள்தானா என்று கேட்டு வாங்குங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளில் 'யூஎஸ்பி டெதரிங்' (போன் நெட்டைக் கேபிள் வழியாக லேப்டாப்புக்குக் கொடுப்பது) பட்டன் மங்கலாகவே இருக்கும். வைஃபை ஹாட்ஸ்பாட் போட்டால் 5 கிகாஹெர்ட்ஸ் தேர்ந்தெடுங்கள். லேப்டாப்பின் யூஎஸ்பி 3 போர்ட்டில் ஹார்டு டிஸ்க் ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளம்பி வேகத்தைக் குலைக்கும்.

5ஜி வந்து வந்து போகிற இடமென்றால் மீட்டிங் நேரத்துக்கு மட்டும் போனை 4ஜியில் நிறுத்துங்கள். வேகம் குறையும், ஆனால் அறுபடாது, போனும் கொதிக்காது.

தண்டவாளம்:

ரயிலுக்கு ஒரே யோசனை: மீட்டிங் வைக்காதீர்கள். ஏசி பெட்டி முழுக்க இரும்புக் கூடு, கண்ணாடியும் பூச்சுப் பூசியது. ஜன்னலோர இருக்கையும் கதவோரமும் கொஞ்சம் பரவாயில்லை. கொங்கண் பாதையில் சுரங்கம் சுரங்கமாக வரும். ரத்னகிரிக்கு வடக்கே கர்புடே மட்டும் 6.5 கிலோமீட்டர், கடக்க ஏறத்தாழ 5 நிமிடம். எந்த சிம்மும் அங்கே உதவாது. ஃபைல்களை முன்பே இறக்கி வைத்துக்கொண்டு, பெரிய ஸ்டேஷனில் வண்டி நிற்கும்போது ஒத்திசைவு ஓட விடுங்கள். ரயில்வேயின் ரெயில்டெல் வைஃபை அங்கே அரை மணி நேரம் இலவசம், 1 எம்பிபிஎஸ்தான், மெயிலுக்குப் போதும்.

பெட்டியில் இருக்கும் பிளக் 110 வோல்ட். லேப்டாப் அடாப்டரில் 100-240 என்று அச்சிட்டிருந்தால் தைரியமாகச் செருகலாம். இரவு 11 முதல் காலை 5 வரை சார்ஜிங் மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள், அதனால் பவர் பேங்க் கட்டாயம். போனை லேப்டாப்பில் கேபிளில் இணைத்தால் அது லேப்டாப் பேட்டரியையே உறிஞ்சும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

வழித்துணை:

எல்லோருக்கும் மிக்க நன்றி. டாங்கிள் யோசனையைக் கைவிட்டேன். பழைய போனில் ஜியோ சிம் போட்டு வீட்டிலேயே சோதித்தேன். மீட்டிங் நன்றாக ஓடுகிறது. விபிஎன் இணைகிறது, ஆபீஸ் சாட் வருகிறது. ஆனால் ஃபைல் இறக்கினால் பாதியில் அப்படியே நிற்கிறது. ஏர்டெல்லில் இந்தச் சிக்கல் இல்லை.

அலைக்கற்றை:

சின்னச் செய்தி போகிறது, பெரியது நிற்கிறது என்றால் பெரும்பாலும் எம்டியூ கோளாறு. எம்டியூ என்பது ஒரே பாக்கெட்டில் (டேட்டா துண்டில்) அனுப்பக்கூடிய உச்ச அளவு. வழக்கமான பாக்கெட் 1,500 பைட். விபிஎன் அதன் மேல் ஓர் உறை போடும். ஜியோ உள்ளுக்குள் ஐபிவி6 என்ற புது முகவரி முறையில் ஓடுவதால், பழைய ஐபிவி4 போக்குவரத்தை அதற்கு மாற்றும்போது பாக்கெட் இன்னும் கொஞ்சம் பெருக்கும். பாக்கெட் வழியைவிடப் பெரிதாகி, முழு பாக்கெட் மட்டும் சத்தமில்லாமல் தொலைகிறது. சாட் செய்தி சின்னது, அதனால் தப்பிவிடுகிறது.

விபிஎன் மென்பொருளின் செட்டிங்ஸில் எம்டியூ என்று இருந்தால் 1280 போட்டு, விபிஎன்னைத் துண்டித்து மறுபடி இணையுங்கள். அந்த இடம் பூட்டியிருந்தால் ஆபீஸ் ஐடி ஆட்களிடம் இதே எண்ணைச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள். கூடவே போனின் ஏபிஎன் (மொபைல் டேட்டா இணைப்பு) அமைப்பில் பெயர் ஜியோநெட் என்றும், நெறிமுறை 'ஐபிவி4/ஐபிவி6' என்றும் இருக்கிறதா பாருங்கள். ஒன்று மட்டும் தேர்ந்திருந்தாலும் சிக்கல் வரலாம். 1280-க்குப் பிறகும் நின்றால், ஃபைல் வேலைக்கு ஏர்டெல்லையும் மீட்டிங்குக்கு ஜியோவையும் வைத்துக்கொள்ளுங்கள்.

வழித்துணை:

1280 போட்டேன். 300 எம்பி ஃபைல் நிற்காமல் இறங்கிவிட்டது.